அந்தக் கிளை வாய்க்காலில் உங்களுக்கும் பங்கு உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், வெலிமடைக்குப் பக்கத்தில் உங்கள் தோட்டம். உமா ஓயாவில் போய் விழும் சிற்றாறு ஒன்றை மறித்து அமுன என்ற சிறு அணை கட்டியிருக்கிறது. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி வரும் வாய்க்கால், பாதி வழியில் ஒரு கல்லடியில் இரண்டாகப் பிரிகிறது. பெரியது சிங்களக் கிராமத்து வயலுக்குப் போகிறது. சின்னது உங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழாக வந்து, பள்ளத்தில் உள்ள நாலைந்து ஏக்கர் வயலில் முடிகிறது. அந்தச் சின்னதில்தான் நீங்களும் இன்னும் சிலரும் லீக்ஸ், போஞ்சி, கரட்டுக்குத் தண்ணீர் எடுக்கிறீர்கள். போன வரட்சியில் யாரோ கல்லடியில் மண் மூட்டை அடுக்கிக் கிளையை அடைத்துவிட்டார்கள். தாத்தா அதை ராசா காலத்து வாய்க்கால் என்கிறார், அடுத்த காம்பிராப் பெரியவர் கோப்பிக்கால வெள்ளைக்காரன் வெட்டியது என்கிறார், இன்னொருவர் இராவணன் பெயரையே இழுத்துவிட்டார். இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "எங்களுக்கு அதில் உரிமை இருக்கிறதா" என்று எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வாய்க்கால்களில் வயது தெரிந்தால்தான் பங்கு தெரியும்.

நான் ஊவாவிலும் நுவரெலியாப் பக்கமும் சிறிய நீர்ப்பாசன வேலைகளில் முப்பது வருடத்துக்குக் கிட்டத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். வாய்க்காலைப் பற்றி நான் சொல்வது நடந்து, அளந்து அறிந்தது. சட்டத்தைப் பற்றிச் சொல்வது வேலையில் பழகியது மட்டும். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும்.

இராவணன் கதையை முதலில் எடுத்து வைத்துவிடுவோம். எல்ல முதல் நுவரெலியா வரை அந்தப் பெயர் ஒட்டாத குகையும் அருவியும் குறைவு. அது மக்களின் நம்பிக்கை, அப்படியே இருக்கட்டும். வாய்க்காலின் வயதுக்கு அது சான்று ஆகாது.

ராசா காலம் என்பது அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. கண்டி இராச்சியத்து மலைக் கிராமங்கள் குளத்தை நம்பி இருக்கவில்லை. மலையில் பெரிய குளத்துக்கு இடம் ஏது? ஓடையைக் கட்டையாலும் பாறாங்கல்லாலும் களிமண்ணாலும் மறிப்பார்கள், அது அமுன. அதிலிருந்து சரிவோடு தண்ணீரைக் கொண்டுபோவார்கள், அது எல. அது போய் மலைப்படி வயலின் மேல்படியில் விழுந்து ஒவ்வொரு படியாக இறங்கும். (எல என்றால் வாய்க்கால் அல்லது ஓடை, எல்ல என்றால் நீர்வீழ்ச்சி. தமிழில் எழுதும்போது இரண்டையும் குழப்பிவிடுகிறோம், ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போது கவனியுங்கள்.) மழைக்கு அடித்துப் போகும் அமுனையை வருடா வருடம் திரும்பக் கட்டுவார்கள். அந்த வேலை இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தோடும் கிராமத்து வழக்கத்தோடும் பின்னிக்கிடந்தது. 1817-18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கியபோது பிரித்தானியப் படை இந்தப் பக்கத்துக் கிராமங்களையும் விளைச்சலையும் நாசமாக்கியது. பிறகு 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். மனிதனுக்கு அது விடுதலைதான், ஆனால் வாய்க்காலைத் துப்புரவாக்க எல்லோரையும் ஒன்றாக இறக்கிய பிடியும் அதோடு தளர்ந்தது. வேலைக்கு வராதவனை யாரும் கேட்க முடியவில்லை. பதுளையில் உதவி அரச அதிபராக இருந்த ஜோன் பெய்லி ஊவாவின் நீர்ப்பாசன வழக்கங்களை விசாரித்து எழுதினார். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், வயல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்து, கிராமத்தாரின் பழைய வழக்கத்துக்கே சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. ஆகவே ராசா காலத்து வாய்க்கால் என்றாலும் அது ராசா காலத்திலிருந்து ஒரே மாதிரி ஓடிவந்தது என்று எண்ண வேண்டாம். பல வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்து, மறுபடி வெட்டப்பட்டவை.

கோப்பிக்காரன் வெட்டியது என்பதும் நடக்கக்கூடியதுதான். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு, காணி உறுதி (பத்திரம்) காட்ட முடியாத காடும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் முடிக்குரியது என்றாகி, மலை மலையாக வெள்ளைக்காரத் துரைமாருக்குப் போயிற்று. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் ஆலை, தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. அதற்குத் தோட்டத்துக்குள் வாய்க்கால் வேண்டும். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் தொழிற்சாலைகள் பலவற்றில் நீர்ச்சுழலியே இயந்திரத்தை ஓட்டியது. லக்ஷபான நீர்மின் நிலையத்து மின்சாரம் 1950க்குப் பிறகு வரத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. அந்த வாய்க்கால்களையெல்லாம் வெட்டியது நம்முடைய தோட்டத்துத் தமிழ் ஆட்கள். தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டிய அதே கைகள்தான். இந்த விஷயத்தைப் பேசும்போது நம்மவர்களே இதை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்களுடையது எந்த வகை? அதை நீங்களே பார்த்துவிடலாம், கிளையின் வாலில் தொடங்குங்கள். ஆலைக்கு வெட்டிய வாய்க்கால் ஒரு சின்னத் தொட்டியில் போய் முடியும். அங்கிருந்து செங்குத்தாகக் குழாய் அல்லது அது கிடந்த தடம், கீழே கட்டட அத்திவாரம், அப்புறம் தண்ணீர் திரும்ப ஓடையிலேயே விழும். வயலுக்கு வெட்டியது மேல்படி வயலில் கரைந்து முடியும். உங்கள் கிளை பள்ளத்து வயலில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்று எனக்குப் பெரிய தடயம். கோப்பிக்குச் சரிவுதான் வேண்டும், துரைமார் எடுத்ததும் அதைத்தான். பள்ளத்துச் சேற்று வயல் கிராமத்தார் கையிலேயே நின்றது. தேயிலைக்கு நடுவில் தீவு மாதிரி ஒரு துண்டு வயல் கிடந்தால், அந்த வயல் தேயிலைக்கு முந்தியது, அதற்கு வரும் தண்ணீரும் முந்தியது என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன்.

அடுத்து, வாய்க்கால் பாறையைக் கடக்கும் இடங்களுக்குப் போங்கள். பாறையைச் சுற்றி வளைந்து போயிருந்தால் பழைய கை. பாறையை வெட்டிப் போயிருந்தால், வெட்டிய முகத்தில் பாதிக் குழாய் மாதிரி நீளமான தவாளிப்பு தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். வெடிமருந்துக்குத் துளையிட்ட தடம் அது. அது இருந்தால் அந்த வெட்டு பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்தது அல்லது அதற்குப் பிந்தியது. ஆனால் வாய்க்கால் முழுவதும் அந்தக் காலத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, பழைய வாய்க்காலைப் பின்னால் யாரும் அகலமாக்கியிருக்கலாம். சீமெந்து அமுனையில் வருடம் பொறித்திருப்பார்கள். அது சீமெந்தின் வயது மட்டுமே. அதே இடத்தில் அதற்கு முன் எத்தனை கட்டை அமுன வந்து போனதோ!

கடதாசியில் தேட வேண்டுமானால் நில அளவைத் திணைக்களத்தின் இறுதிக் கிராமப் படத்தைக் கேளுங்கள். அதில் எலைகள் பெயரோடு இருக்கும். உங்கள் தோட்ட அலுவலகத்திலும் பழைய தோட்டப் படம் இருக்கக்கூடும். பள்ளத்து வயலின் உறுதியை யாராவது காட்டினால், பரப்பளவை அமுணம், பேல, லாஹ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். விதைக்கும் நெல்லை வைத்து நிலத்தைச் சொல்லும் பழைய கணக்கு அது. 10 லாஹ ஒரு பேல, 4 பேல ஒரு அமுணம், ஒரு அமுணம் வயல் என்பது இரண்டு, இரண்டரை ஏக்கர். தண்ணீரை மறிக்கும் அமுனைக்கும் சிங்களத்தில் அதே சொல்தான், ஆகவே உறுதியை வாசிக்கும்போது எது அணை, எது அளவு என்று பார்த்து வாசியுங்கள்.

இப்போது அந்தக் கல். எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான். பழைய வாய்க்கால்களில் தண்ணீர் பிரியும் இடத்தில் கல்லிலோ மரத்திலோ வெட்டு வைத்திருப்பார்கள், கரஹன என்று பெயர். வெட்டுகளின் அடிமட்டம் ஒன்றாக இருக்கும், அகலம் மட்டும் மாறும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அகலத்துக்கு ஏற்ற பங்கு தானாகப் பிரிந்துவிடும், காவலுக்கு ஆள் தேவையில்லை. பங்கு என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் பங்குவ என்கிறார்கள், தமிழிலிருந்து போன சொல். வாய்க்காலில் இத்தனை பங்குத் தண்ணீர் என்றால், துப்புரவு வேலையிலும் அத்தனை பங்கு.

என் கைப்பட நடந்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாய்க்காலைச் சீர்திருத்தப் போனேன். பிரியும் இடத்தில் பழைய கல் ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. கணக்குப் போட்டு, கல்லை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கொங்கிரீட் போட்டோம். என் கணக்கில் பிழையில்லை. ஆனால் குழாயின் வாயில் சருகு அடைத்தது, தண்ணீர் குறைந்தபோது உயரத்தில் இருந்த குழாய்க்கு ஒன்றும் போகவில்லை. கடைமடைக்காரர்கள் அடுத்த இரண்டு போகமும் கரைச்சல்பட்டார்கள். அந்தக் கல் எங்கே போனது என்று ஒரு முதியவர் என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்றும் மனதில் இருக்கிறது. அதனால் உங்கள் வாய்க்காலில் கல் இருந்தால், யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் அதை எடுக்க விடாதீர்கள்.

உரிமைக்கு வருவோம். முன்பு வாய்க்காலுக்கு வெல் விதானை இருந்தார். எந்த நாளில் துப்புரவு, யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர் நடத்துவார், விளைச்சலில் அவருக்கு ஒரு சின்னப் பங்கு. 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டு விவசாயிகளின் குழுவை வைத்தது. பிறகு 1979 கமநல சேவைகள் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று பெயர்களும் குழுக்களும் மாறின. இன்று 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் வாய்க்கால்கள் சிறிய நீர்ப்பாசனம் என்ற வகையில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. நடைமுறையில் அவற்றை நடத்துவது பதிவான விவசாயிகள் அமைப்பு. போகத் தொடக்கத்தில் கன்னக் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள்.

இந்த வரலாற்றில் தோட்டத்து ஆள் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வயல் இல்லை, ஆகவே வயற்காணிப் பதிவேட்டில் பெயர் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரைக் கன்னக் கூட்டத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? 1948க்குப் பிறகு பல பத்தாண்டுகள் குடியுரிமையே இல்லாமல் இருந்தோம். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே மண் மூட்டை வைத்தவர் உங்கள்மேல் பகையில்தான் வைத்தார் என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் கையில் உள்ள பட்டியலில் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். அதற்காக அவர் செய்தது சரி என்று சொல்லவும் மாட்டேன்.

என் பதில் இது. ஓடையின் தண்ணீர் பொதுச்சொத்து. 1947 அரச காணிக் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கு அரசே பொறுப்பு, ஆகவே கிராமத்தாரோ தோட்ட நிர்வாகமோ அதைத் தனிச்சொத்து என்று சொல்ல முடியாது. பள்ளத்து வயலுக்கு வழக்கமாக வந்த பங்கைக் கல்லடியில் அடைப்பது, அந்த வயற்காரருக்குச் செய்யும் அநியாயம். இதுவரை நிச்சயம். லயத்தில் குளிக்க, துவைக்க, பீலிக்கு எடுப்பதை நான் வேலை செய்த இடம் எதிலும் யாரும் தடுத்ததில்லை. ஆனால் உங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு இந்த வாய்க்காலில் பங்கு இருக்கிறது என்று வெறுமனே சொல்லிவிட முடியாது. அது பழைய பங்குக் கணக்குக்குள் வராத நிலம். கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்க வழியும் இருக்கிறது.

வழி பள்ளத்து வயற்காரரிடம் தொடங்குகிறது. கிளையில் தண்ணீர் வரவேண்டும் என்று எழுத்தில் கேட்கக்கூடிய ஆள் அவர். கிளை அடைபட்டால் உங்களைப் போலவே அவருக்கும் நட்டம். அவரோடு சேர்ந்து கமநல சேவை நிலையத்துக்குப் போய், இந்த எல எந்த விவசாயிகள் அமைப்பின் கீழ் பதிவாகியிருக்கிறது, கிளை பதிவில் இருக்கிறதா, அமைப்பின் யாப்பில் யார் அங்கத்தவராகலாம் என்று மூன்றையும் கேளுங்கள். சிங்களத்தில் எழுதித் தர யாரும் இருந்தால் கூட்டிப்போங்கள். அடுத்த துப்புரவு நாள் எப்போது என்று விசாரித்து, மண்வெட்டியோடு ஆட்களைத் திரட்டிப் போங்கள், கிளைக்கு மட்டும் போகாமல் அமுனையிலிருந்தே தொடங்குங்கள். ஹாலிஎல பக்கத்து வாய்க்கால் ஒன்றில் தோட்டத்து இளைஞர்கள் இப்படி இரண்டு போகம் தொடர்ந்து வந்தார்கள். மூன்றாவது போகத்தில் அமைப்பின் செயலாளர் தன் கொப்பியில் அவர்கள் பெயரை எழுதி, வாரத்தில் இரண்டு இரவு கிளைக்கு என்று முறை வைத்தார். சட்டத்தில் எந்த மாற்றமும் நடக்கவில்லை, ஆனால் வேலைப் பங்கு எடுத்தவனுக்குத் தண்ணீர்ப் பங்கை மறுப்பது அந்த ஊர் வழக்கத்தில் வெட்கக்கேடு.

அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். தண்ணீர் உண்மையாகவே போதாமல் இருக்கிறதா, வழியில் போகிறதா? பத்து மீட்டர் நேரான துண்டு ஒன்றை அளந்து, காய்ந்த குச்சி ஒன்றைப் போட்டு எத்தனை செக்கனில் போகிறது என்று பாருங்கள். 25 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பு வேகமாக ஓடும், ஆகவே 0.7ஆல் பெருக்க 0.28. வாய்க்கால் 60 சென்ரிமீட்டர் அகலம், தண்ணீர் 20 சென்ரிமீட்டர் ஆழம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 34 லீட்டர். நெல்வயல் ஒரு ஹெக்டேயருக்கு விடாமல் செக்கனுக்கு ஒன்று, ஒன்றரை லீட்டர் இருந்தால் சமாளிக்கும் என்பது கைக்கணக்கு. இதையே அமுனைக்குக் கீழேயும் கல்லுக்குச் சற்று மேலேயும் ஒரே காலையில் அளந்து பாருங்கள். கல்லுக்கு வருமுன்பே மூன்றில் ஒன்று காணாமல் போயிருந்தால் சண்டை கல்லடியில் போடவேண்டியது அல்ல. நண்டு வளை, மரவேர், கரை உடைப்பு, அப்புறம் மேலே யாராவது போட்டிருக்கும் கறுப்பு பைப் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். சிறுபோகத்தில் வயலில் நெல்லை விட்டு உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடும் பழக்கம் வெலிமடையில் வந்த பிறகு, மோட்டார் வைத்து இறைப்பவர் கூடிவிட்டார்கள். கரஹன கல்லுக்கு மோட்டாரைத் தெரியாது. முறை வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததற்கு உமா ஓயா நீர்த் திட்டத்துச் சுரங்கம் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதும் வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததும் நடந்த உண்மை. ஆனால் அது சுரங்கப் பாதையை அடுத்த இடங்களில் நடந்தது. உங்கள் வாய்க்காலோ ஆற்றிலிருந்து வருவது. அமுனைக்கு மேலே ஆறு ஓடிக்கொண்டிருக்க, கிளை மட்டும் காய்ந்தால் அதற்குச் சுரங்கத்தைக் காரணம் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிளை உங்கள் லயத்துக்கு மேலே எங்காவது ஓடினால், அங்கே கசிவு இருக்கிறதா என்று மழைக்கு முன் கட்டாயம் பாருங்கள். மண் வாய்க்காலின் கசிவு சரிவுக்குள் இறங்கினால் மண்சரிவுக்கு வழி செய்யும். நிலத்தில் நீளவாக்கில் வெடிப்போ, புதிதாக ஊற்றோ கண்டால் வாய்க்காலை மேலேயே அடைத்துவிட்டு, கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அந்த நேரத்தில் பங்குக் கணக்கைப் பார்க்கக் கூடாது. கிளையில் பூச்சிமருந்து டாங்கி கழுவுவதையும் நிறுத்துங்கள், கீழே பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்யுமுன், ஒருநாள் தண்ணீர் குறைவாக ஓடும் நேரத்தில் அந்தக் கல்லடிக்குப் போய் பாசியைச் சுரண்டிப் பாருங்கள். வெட்டு எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குல அகலம், அடிமட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து, ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள். கிளைக்கு எத்தனை பங்கு என்று நினைத்து வெட்டினார்கள் என்பதை அதை வைத்து நான் சொல்கிறேன்.